பெத்ராக்கி அழ வேண்டும்

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்கப்பா. லூக்காஸ், தலையைக் குனியாதே. முகம் தெரியணும்."

தேவாலயத்தின் படிகளில் பின்பக்கமாக ஏறிக்கொண்டே பாந்தெலிஸ் சொன்னார். எழுபதைத் தாண்டிய பட இயக்குநர். சவப்பெட்டியைச் சுமந்து வந்த நால்வருக்கும் முன்னால், அவர்களைப் பார்த்தபடியே, குதிகாலால் படியைத் துழாவித் துழாவி மேலே போனார். காமிராவோடு சேர்ந்து பின்பக்கமாக நடந்து நடந்து பழகிய கால்கள் அவை. எங்கே விழுந்து தொலைக்கப் போகிறாரோ என்று, ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்த கிழவர் ஒருவர் அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"யாருக்கு மாமா தெரியணும்?" என்றான் லூக்காஸ். பெட்டியின் விளிம்பு அவன் தோளை அறுத்தது.

"ஜனங்களுக்குடா. காலைலேர்ந்து வெயில்ல நிக்கறாங்க பாரு."

நின்றார்கள்தான். கொக்கினியா பேட்டையின் சதுக்கம் முழுக்கப் பெண்கள். பால்கனிகளில் பெண்கள். டிராலிபஸ் நிறுத்தத்தில், பஸ் வந்தும் ஏறாமல் நின்ற பெண்கள். மெனலாவோஸ் கிரிபாரிஸ் என்ற படத் தயாரிப்பாளருக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று அவரே நம்பியிருக்க மாட்டார். தயாரிப்பாளரின் முகம் யாருக்குத் தெரியும்? அவர்கள் வந்தது பெட்டிக்குள் இருந்தவரைப் பார்க்க அல்ல. பெட்டியின் இடது முன்மூலையைத் தாங்கிக்கொண்டு வந்தவனைப் பார்க்க.

"பெத்ராக்கி! ஐயோ, எங்க பெத்ராக்கியைப் பாருங்களேன்!"

"எவ்வளவு இளைச்சுப் போயிட்டான், கண்ணு!"

"இன்னும் அழலையே?"

"இருடி. உள்ள போகட்டும்."

லூக்காஸுக்கு அது காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வயதில், மின்வாரிய அலுவலகத்தின் மூன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்து பில் வசூலிக்கும் மனிதன் அவன். அந்த ஜன்னலிலும் அவன் பெத்ராக்கிதான். "கட்டணம் ஏறிப்போச்சுன்னு நீயும் கொஞ்சம் அழுது காட்டேன் பெத்ராக்கி" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்காமல் போவதில்லை. ஏழு வயதிலிருந்து பதிமூன்று வயது வரை அப்பா மெனலாவோஸ் எடுத்த படங்களில் அவன் அநாதைப் பையன். படத்துக்குப் படம் ஊர் மாறும், வில்லன் மாறுவான். பையன் பெயர் பெத்ராக்கிதான். இடைவேளைக்கு முன்னால் தகப்பன் செத்துப் போவான். பெத்ராக்கி சவப்பெட்டியின் மேல் சாய்ந்து அழுவான். நாடே சேர்ந்து அழும். இப்போது தொலைக்காட்சி வந்து, சனிக்கிழமை தோறும் அதைப் போட்டுப் புதிதாக ஒரு தலைமுறையையும் அழ வைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று காலை துக்கத்துக்கான கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொள்ளும்போது லூக்காஸ் ஒன்றைத் தீர்மானித்திருந்தான். இன்று அழப்போவதில்லை. அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை. கோபம் இருந்தது, அதுவும் பாசத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவனிடமிருந்த அழுகை அவனுடையதல்ல. அது அப்பா செய்து விற்ற சரக்கு. அதை எடுத்து அப்பாவுக்கே கொடுக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சொந்தமாக ஒன்று வந்தால் வரட்டும், வராவிட்டால் சும்மா நிற்கலாம். அந்த நாளிடம் அவன் கேட்டது அவ்வளவுதான்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, "போயிட்டார்" என்று சொன்னபோது, அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? தாழ்வாரத்தில் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். அப்படித் திரும்பிய கழுத்தை வெட்டி எறியலாம் போல் இருந்தது.

உள்ளே மெழுகின் புகையும் பூக்களின் வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. பெட்டியை நடுவில் இறக்கி மூடியைக் கழற்றினார்கள். அப்பா நீல கோட்டில், டை கட்டி, வெளிக்கிளம்பத் தயாராக இருப்பவரைப் போல் கிடந்தார். அம்மா கிவேலி தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம். கறுப்புக் கோட்டு அவளை விடப் பெரிதாக இருந்தது. மகனைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும்படி கண்ணால் சொன்னாள்.

பாதிரியார் ஓத ஆரம்பித்தார். நடுவில், வழக்கத்துக்கு மாறாக, இறந்தவரைப் பற்றிப் பேசவும் செய்தார். தோல் பதனிடும் கொட்டகையின் முற்றத்தில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் காட்டியவர், நகரத்தின் பெரிய கம்பெனியில் தயாரிப்புத் தலைவரானார், பழைய ஐஸ் பேக்டரியை வாங்கி ஸ்டுடியோவாக்கினார், நம் பேட்டையிலிருந்து எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தார் என்றெல்லாம். அவ்வளவும் உண்மைதான். ஆனால் மெனலாவோஸின் தொழில் என்ன என்று அதில் வரவில்லை.

அது லூக்காஸுக்குத் தெரியும். புதுப் படம் வெளியாகும் அன்று அப்பா திரையைப் பார்க்க மாட்டார். திரைக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். எந்த இடத்தில் பெண்கள் கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். மறுநாள் கதாசிரியரைக் கூப்பிட்டு, "உன் கதையில கைப்பை ரொம்ப லேட்டா தொறக்குது" என்பார். நகைச்சுவைப் படம் எழுதிக்கொண்டு வந்தவர்களிடமும், "எல்லாம் சரி, அப்பன் எப்ப சாவான்?" என்றுதான் கேட்பார். பெரிய கம்பெனியில் அவருக்கு மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் வசூலைப் பார்த்தார்கள், சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பெத்ராக்கி அழ வேண்டிய காட்சி வந்தால், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அப்பா அவனுக்கு முன்னால் மண்டியிடுவார். மகனின் காதில் ஒரு வார்த்தை சொல்வார். எழுந்து போய்விடுவார். அடுத்த நொடி பையன் உதடு கோணும். பாந்தெலிஸ் கையை உயர்த்துவார், காமிரா ஓடும். அந்தக் காதில் என்ன சொல்கிறார் என்று ஸ்டுடியோவே மண்டையை உடைத்துக்கொண்டது. மிட்டாய் என்றார்கள், அடி என்றார்கள், வெங்காயம் என்றார்கள்.

"அம்மா இன்னைக்கு நம்மளை விட்டுட்டுப் போறாடா. சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனா இருக்க மாட்டா."

அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அதேதான். காட்சி முடிந்ததும் பையன் கிழிந்த அநாதை உடையோடு தெருத்தெருவாக ஓடுவான். வீட்டில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். "ஏன்டா இப்படி ஓடி வர்றே?" என்பாள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஏனென்றால் அப்பா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "அம்மாகிட்ட இதைச் சொன்னியோ, அப்புறம் நிஜமாவே போயிடுவா." அடுத்த படத்திலும் நம்பினான். அதற்கடுத்ததிலும் நம்பினான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குழந்தை வேறு என்ன செய்யும்?

பாதிரியார் குரலை உயர்த்தினார். கடைசி முத்தத்துக்கு நேரம். இறந்தவருக்கு நெருக்கமானவர்கள் முதலில், அப்புறம் மற்றவர்கள். அம்மா எழுந்து, பெட்டியின் மேல் குனிந்து, கணவனின் நெற்றியைத் தொட்டும் தொடாமலும் முத்தமிட்டாள். ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து லூக்காஸ்.

தேவாலயத்தில் இருமல் நின்றது. காலணிச் சத்தம் நின்றது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, முன்னால் நின்றவர்கள் தோளைக் குறுக்கி இடம் விட்டார்கள். எங்கோ ஒரு கைப்பை திறக்கும் 'டக்' சத்தம் கேட்டது. இன்னொன்று. லூக்காஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். முத்தமிடு, நிமிர், திரும்பி வா. மூன்று காரியம். மின்வாரிய ஊழியன் செய்கிற மாதிரி செய்துவிட்டு வா.

குனிந்தான். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. விளக்குப் பிடித்த கிழவர், யாரும் சொல்லாமலே, மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்றை அரை அடி இந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். பாவம், கை அதுவாகச் செய்துவிட்டது. பெட்டியின் மறுபக்கம் பாந்தெலிஸ் நின்றிருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. முப்பது ஆண்டு முதலாளி, நண்பர், எதிரி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தார். நிஜமான துக்கத்தில்தான் அவர் இருந்தார். அந்தத் துக்கத்தில், தன்னை மறந்து, உதட்டை அசைத்தார்.

"மூச்சை உள்ள இழு," என்றார் மெதுவாக. "கையை நெத்தியில வை... நல்லது... இப்ப."

லூக்காஸ் மூச்சை உள்ளே இழுத்தான். கை நெற்றிக்குப் போனது. போகாதே என்று அவன் சொன்னான், கை கேட்கவில்லை. அப்பாவின் நெற்றி சில்லிட்டிருந்தது. அவர் வாய் மூடியிருந்தது. ஆனாலும் காதில் அந்த வார்த்தை, சிகரெட் வாடையோடு, வந்து விழுந்தது. உதடு கோணியது. முதலில் இடது கண்ணில் ஒரு துளி, அப்புறம் வலதில். பெத்ராக்கி எப்போதும் அப்படித்தான் அழுவான், இடது கண் முதலில். முழங்கால் மடங்கியது. நெஞ்சு பெட்டியின் விளிம்பில் சாய்ந்தது.

தேவாலயம் மொத்தமும் ஒரே குரலில் விம்மியது. வேதப் பாட்டுப் பாடுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டார். பாதிரியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே படியில் நின்றவர்கள், "அழறானா? அழறானா?" என்று கேட்க, உள்ளிருந்து, "அழறான்டி, பெத்த வயிறு பத்தி எரியுது" என்று பதில் போனது.

லூக்காஸ் அந்தப் பெட்டியின் மேல் கிடந்தான். எழுந்துகொள்ள முடியவில்லை. யாராவது நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுவரை நிறுத்தத் தெரியாது அவனுக்கு. உள்ளே துக்கம் என்று ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருந்தது, ஏழு வயதுப் பயம். அப்பாவுக்காக ஒரு சொட்டுகூட அதில் இல்லை. இந்த அழுகைக்குள்ளேதான் இனிச் சாகும்வரை கிடக்க வேண்டும் என்று நினைத்தபோது அவனுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் அதையும் நன்றாக இருந்தது என்பார்கள்.

கடைசியில் அம்மாதான் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டாள். "போதும். எழுந்திரு," என்றாள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்தின் காப்பிக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சர்க்கரை போடாத காப்பி, சின்னக் கிளாஸ்களில் பிராந்தி, தட்டில் ரஸ்க். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்தார்கள். "நீ நல்லா வாழ்ந்து அவரை நினைச்சுக்கிட்டே இருக்கணும்" என்று முறைப்படி சொன்னார்கள். அதற்கு மேலும் சொன்னார்கள்.

"அப்படியே அதே மாதிரி அழுதே, தம்பி. நான் புருஷன் செத்தப்பகூட இவ்வளவு அழலை."

"எங்க அத்தை வர முடியலை, காலு வீங்கிக்கிச்சு. நான் போய் அவங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்!"

பாந்தெலிஸ் பிராந்தியோடு வந்து அவன் முன்னால் நின்றார். முகம் கறுத்திருந்தது. "லூக்காஸ், நான் வந்து... வாய் தவறி..." என்றார்.

"பரவால்ல மாமா."

"சத்தியமா, நான் இருந்த இடமே எனக்குத் தெரியலைடா. உன்னைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன்..."

"பரவால்லன்னு சொன்னேன்ல. உக்காருங்க. காப்பி ஆறுது."

அவர் உட்காரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே விளக்குக்காரக் கிழவரிடம் போய்விட்டார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். லூக்காஸின் மனைவி இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள். இல்லை, அழுதிருப்பாள். சண்டை வந்து அவன் கண் கலங்கும்போதெல்லாம், "இது நிஜமா, படமா?" என்று கேட்டுக் கேட்டு, பதில் வராமல், பாத்ராவிலிருந்த தாய்வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டவள் அவள்.

கூட்டம் குறைந்தது. மேஜையில் அம்மாவும் அவனும் மட்டும். அம்மா ரஸ்க்கை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பத் தட்டில் வைத்தாள்.

"உங்கப்பா உன் காதுல என்னதான் சொல்லுவாரு?" என்றாள். "அவரைக் கேட்டா தொழில் ரகசியம்பாரு. உன்னைக் கேட்கக் கூடாதுன்னாரு. பையன் கெட்டுப் போயிடுவான்னாரு. இப்ப யார் கெடப் போறா? சொல்லு."

"எதுக்கும்மா இப்ப?"

"இன்னைக்கு அவர் சொல்லாமலே அழுதியே, அதான் கேக்கறேன்."

சொல்லக்கூடாது என்று அவனுக்குள் ஏதோ இழுத்தது. சொன்னால் நிஜமாகவே போய்விடுவாள். முப்பத்தெட்டு வயது, தலையில் பாதி நரை, ஆனாலும் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. அவனுக்கே சிரிப்பு வந்தது. வெங்காயம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். அம்மா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எங்களை விட்டுட்டுப் போறேன்னு சொல்லுவாரும்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ இருக்க மாட்டேன்னு. வேறென்ன, சின்னப் பையன்தானே. நம்பிடுவேன்."

 அம்மா காப்பிக் கோப்பையை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று சுற்றினாள்.

"பாவி," என்றாள். "பொய் சொல்லலை."

"என்னம்மா?"

"பொய் சொல்லலைன்னேன். நான் கிளம்பிக்கிட்டுதான் இருந்தேன். சீரோஸ் தீவுல எங்கக்கா தையல் கடை வச்சிருக்கால்ல, அங்க. வேற ஒண்ணுமில்லை, நீ தப்பா நினைக்காதே. வேற ஆள் கீள் இல்லை. இவரோட இருக்க முடியலை, அவ்வளவுதான். வீட்ல நான் வாயைத் தொறந்தா, 'இது நல்லா இருக்கே'ன்னு மறுநாள் படத்துல வந்துரும். நான் அழுதது, நான் திட்டினது, எங்கம்மா செத்தப்ப நான் சொன்னது, எல்லாம். எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கலை அந்த மனுஷன். பெட்டி கட்டுவேன். அவருக்குத் தெரிஞ்சிடும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். போகாதேன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொன்னதில்லை."

"அப்புறம்?"

"ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போவார். இருட்டு ரூம்ல உக்கார வச்சு, நீ அழுததைப் போட்டுக் காட்டுவார். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். நான் பாப்பேன். இது நடிப்பு இல்லையே, பையனுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, யாரும் சொல்லாமலே தெரிஞ்சுபோச்சுன்னு நினைப்பேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்சிடுவேன். அடுத்த வருஷம் மறுபடியும் கட்டுவேன். மறுபடியும் உனக்கு ஒரு படம் வரும்."

  கிழிந்த உடையோடு ஓடி வந்த தெருக்கள் எல்லாம் லூக்காஸுக்கு நினைவுக்கு வந்தன. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளின் பின்னால், கட்டிலுக்கடியில், கட்டியதோ பிரித்ததோ ஒரு பெட்டி இருந்திருக்கிறது. அவனைக் கொண்டு அவளைக் கட்டினார், அவளைக் கொண்டு அவனைக் கட்டினார். செலவில்லாமல், ஒரே வார்த்தையில். அப்பாவைப் போல ஒரு தயாரிப்பாளர் இந்த நாட்டில் இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அவரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"நான் பெரியவனானப்புறம் ஏன்மா போகலை?"

"அப்புறம் எங்க போறது? பழகிப் போச்சு. உனக்குக் கல்யாணம், அவருக்கு உடம்பு." அம்மா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. லேசாக இருந்தது. "அக்கா இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கா. கண்ணு தெரியலையாம், ஊசி கோக்க ஆள் வேணுமாம். மூணாம் நாள் ஜெபம் முடியட்டும். காலைக் கப்பல்ல போறேன். சும்மா பாத்துட்டு வரப் போறேன்னு நினைக்காதே. அங்கயே இருக்கத்தான் போறேன்."

"போம்மா," என்றான் லூக்காஸ். உடனே சொன்னான். முழு மனதோடு சொன்னான். இத்தனை ஆண்டுகளில் அவன் சொன்னவற்றிலேயே உண்மையான வார்த்தை அதுதான். "கட்டாயம் போ. நானே துறைமுகத்துல கொண்டு வந்து விடறேன். பெட்டியை நான் தூக்கிக்கறேன்."

"தூக்குவே. உனக்கென்ன."

"நிஜமாதாம்மா சொல்றேன்."

"தெரியும்டா."

அவன் முகம் காய்ந்திருந்தது. உதடு கோணவில்லை. கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. யாரும் அவன் காதில் எதுவும் சொல்லவில்லை, யாரும் அவனைப் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. பாந்தெலிஸ்கூடச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவன் வலது கை, மேஜைக்கு மேலே நீண்டு போய், அம்மாவின் கறுப்புக் கோட்டின் கையை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கொத்தாகப் பிடித்திருந்தது. துணி கசங்கி விரல்களுக்குள் போயிருந்தது. அவன் அதைக் கவனித்தான். விட வேண்டும் என்று நினைத்தான்.

அம்மாவும் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.  பிறகு மறு கையால் தட்டிலிருந்த ரஸ்க்கை எடுத்து, ஆறிப்போன காப்பியில் தோய்த்து, பல் இருந்த பக்கமாக ஒதுக்கி, மெல்ல மெல்லத் தின்ன ஆரம்பித்தாள்.